இரண்டாம் எஸ்தாக்கியார்

இசும்பிராஸ் என்றொரு குதிரைவீரனின் கதை பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பாடப்பட்டது. ஐரோப்பியர் ‘நைட்’ என்று பட்டம் சூட்டிய கூட்டத்தைச் சேர்ந்தவன். பணம், அழகு, கொடை, பலம் எல்லாம் உண்டு, கடவுளைத்தான் மறந்துபோனான். ஒருநாள் ஒரு பறவை வந்து, துன்பம் இளமையில் வேண்டுமா முதுமையில் வேண்டுமா என்று கேட்கிறது. தாங்கும் வயதிலேயே வரட்டும் என்கிறான். அந்தக் கணமே ஏறியிருந்த குதிரை செத்து விழுகிறது. வீடு எரிகிறது. பிள்ளைகளை விலங்குகள் தூக்கிப் போகின்றன. மனைவியைச் சுல்தான் ஒருவன் கொண்டுபோகிறான். வாள் பிடித்த கை ஆண்டுக்கணக்கில் கொல்லன் பட்டறையில் இரும்படிக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பெயரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இதே கதையின் மூத்த வடிவத்தை வலிகாமத்துக் கத்தோலிக்க ஊர்கள் விடிய விடியக் கூத்தாக ஆடியிருக்கின்றன. அதற்குப் பெயர் எஸ்தாக்கியார் நாடகம். அந்த வீரனைத் தேடித்தான் சண்டிலிப்பாய்க்குப் பஸ் ஏறினேன். சண்டிலிப்பாய் சைவ ஊராயிற்றே என்று கேட்கலாம். சுற்றியுள்ள கத்தோலிக்க ஊர்களுக்குப் போகும் வழி அங்கிருந்துதான் பிரிகிறது. தவிரவும், ஒரு வெளிநாட்டு வீரன் இந்த மண்ணில் என்னவாக மாறினான் என்று பார்க்க, அவன் வருவதற்கு முன் இங்கே யார் குதிரையில் இருந்தார்கள் என்பது தெரிய வேண்டும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து காரைநகர் வீதியில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ஆனைக்கோட்டையைத் தாண்டினால் மானிப்பாய். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்த ஊர் அது. மருதடிப் பிள்ளையார் கோயிலைக் கடந்து இன்னும் கொஞ்சம் போனால் சண்டிலிப்பாய்ச் சந்தி. வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகம் இங்கேதான் இருப்பதால் காலை நேரத்தில் கோப்பும் கையுமாக ஆட்கள் நடமாடுகிறார்கள். பிரதான வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்கியதும் சத்தம் அடங்கிவிடும். கிடுகு வேலிகளில் பல இப்போது மதில்களாகிவிட்டன. படலைகள் இரும்புக் கேற்றுகளாகிவிட்டன. பனை மட்டும் மாறவில்லை.

கல்வளைப் பிள்ளையார் இந்த ஊர்க்காரர். பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் இவர்மேல் கல்வளையந்தாதி பாடியதால் ஊரின் பெயர் இலக்கிய வரலாற்றில் ஏறியது. இன்னொரு பக்கம் சீரணி நாகபூசணி அம்பாள். இந்தப் பகுதிக் கோயில் மகோற்சவங்களில் தேருக்கு முந்திய நாட்களில் வேட்டைத் திருவிழா ஒன்று வரும். சாமி குதிரை வாகனத்தில் ஏறிக் கோயிலை விட்டு வெளியே வருவார். மரக்குதிரையைத் தோளில் தாங்கிய இளைஞர்கள் வீதியில் ஓடுவார்கள், நிற்பார்கள், திரும்ப ஓடுவார்கள். குதிரை பாய்வதுபோலவே இருக்கும். வேட்டை முடிந்ததும் சாமி திரும்பிவிடுவார்.

ஆக, குதிரையேறி வேட்டைக்குப் போகும் நாயகன் வலிகாமத்துக்குப் புதியவன் இல்லை. குதிரை என்றாலே அது தெய்வத்துக்கான ஆசனம். பிற்பாடு குதிரைவீரரைப் பற்றிய கதைகள் கப்பலில் வந்திறங்கியபோது, ஊருக்கு அந்தக் காட்சி உடனே பிடிபட்டிருக்க வேண்டும். பிடிபட்ட பிறகு அதில் எதை வைத்துக்கொண்டது, எதைக் கழித்தது என்பதுதான் எனக்குச் சுவையாகப் பட்ட கேள்வி.

சங்கானைக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மரக்கறிக்கும் சுருட்டுக்கும் பேர்போன சந்தை ஊர். அங்கே வீதியோரமாகக் கூரையில்லாத பழைய தேவாலயம் ஒன்று நிற்கிறது. முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர்கள், ஒரு முழங்கைக்கு மேல் தடிப்பு. போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயத்தைப் பிறகு ஒல்லாந்தர் தங்கள் மதத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேறா சங்கிலி குமாரனைத் தோற்கடித்து யாழ்ப்பாண அரசை முடித்துவைத்தான். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளுக்குள் பறங்கியர் கொண்டுவந்து இறக்கிய சரக்குகளில் ஒன்றுதான் சந்தியாகு என்னும் வீரப் புனிதர்.

சந்தியாகு என்பது இயேசுவின் சீடர் யாகப்பரின் ஸ்பானியப் பெயர். அவருக்கு ஸ்பெயின் நாட்டுப் பழங்கதை ஒரு வெள்ளைக் குதிரையும் வாளும் கொடுத்தது. 844இல் கிளவிகோ என்ற இடத்தில் முஸ்லிம் படைக்கு எதிராக அவர் வானத்திலிருந்து இறங்கிப் போரிட்டார் என்பது கதை. அப்படியொரு போரே நடக்கவில்லை என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஆனால் நடக்காத போருக்குப் பலன் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சந்தியாகுவின் பெயரிலேயே வீரத்துறவியர் படையமைப்பு ஒன்று உருவானது. ஐபீரியச் சிப்பாய்கள் அவருடைய பெயரைக் கூவிக்கொண்டு எதிரிமேல் பாய்ந்தார்கள். ஐரோப்பியப் பழங்கதையின் அறவீரர்களில் இவரைப் போலக் கடல் கடந்து நாடுபிடிக்கப் பயன்பட்டவர் வேறொருவர் இல்லை.

சந்தியாகு இங்கே சந்தியோகுமையோர் ஆனார். 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் அவர்மேல் அம்மானை பாடினார். ஈழத்துக் கத்தோலிக்க இலக்கியத்தின் தொடக்க நூல்களில் அது ஒன்று. அம்மானை என்பது உட்கார்ந்து கேட்பதற்கான வடிவம். ஒருவர் இராகத்தோடு வாசிக்க, வீட்டாரும் அயலாரும் சுற்றியிருந்து கேட்பார்கள். போர்க்களத்துப் புனிதர் திண்ணைக்கு வந்து சேர்ந்தார். நாடு பிடித்தவன் போன பிறகும் அவர் போகவில்லை. வந்த படையின் குதிரைகளுக்கும் அதே கதிதான்: நெடுந்தீவின் வெளிகளில் இன்றும் கட்டாக்காலியாக மேயும் மட்டக் குதிரைகள் பறங்கியர் காலத்து வழித்தோன்றல்கள் என்பார்கள்.

ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்ததும், அந்த மதம் ஆளுவோரின் மதம் என்ற இடத்திலிருந்து ஒளிந்து கும்பிடுவோரின் மதமாயிற்று. பண்டத்தரிப்பைத் தாண்டிச் சில்லாலைக்குப் போனால் அந்தக் காலத்தின் தடம் கிடைக்கும். 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்த யோசப்வாஸ் அடிகளுக்கு இந்த ஊர்தான் அடைக்கலம் கொடுத்தது. யாழ்ப்பாணம் வந்து இறங்கியபோது வயிற்றுக்கடுப்பில் சாகக் கிடந்தவர் அவர். கத்தோலிக்கர் யார் என்று வெளிப்படையாகக் கேட்க முடியாது. கழுத்தில் செபமாலை தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார் என்று வரலாறு. 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். சில்லாலைக் கதிரைமாதா கோயிலின் முன் நிற்கும்போது, எந்த வீரக்கதை இந்தச் சனங்களுக்குப் பொருந்தியிருக்கும் என்பது விளங்குகிறது. வெற்றியோடு வரும் குதிரைவீரன் வேண்டியிருக்காது. ஒளிந்தும் இழந்தும் வாழ்ந்த ஒருவன் வேண்டியிருக்கும்.

எஸ்தாக்கியார் அப்படிப்பட்டவர். பிறப்பால் பிளாசிதுஸ், உரோமப் பேரரசன் திராயானுடைய படைத்தளபதி. வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு கலைமானைத் துரத்துகிறார். மான் பாறைமேல் ஏறித் திரும்பி நிற்கிறது. அதன் கொம்புகளுக்கு நடுவே சிலுவை ஒளிர்கிறது. குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெறுகிறார். அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். வேலையாட்கள் நோயில் சாகிறார்கள், சொத்தைக் கள்ளர் கொண்டுபோகிறார்கள். வெட்கத்துக்கு அஞ்சி எகிப்துக்குக் கப்பலேறினால், கூலி கொடுக்கக் காசில்லை என்று கப்பல் தலைவன் மனைவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறான். இரண்டு பிள்ளைகளோடு ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார். ஒருவனை அக்கரையில் விட்டு, மற்றவனை எடுக்கத் திரும்பும்போது நடு ஆற்றில் நிற்கிறார். ஒரு கரையில் சிங்கம், மறுகரையில் ஓநாய். இரண்டும் ஒவ்வொரு பிள்ளையைக் கவ்விக்கொண்டு ஓடுகின்றன. அதன் பிறகு பதினைந்து ஆண்டுகள் ஒரு கிராமத்தில் வயற்காவல் கூலி. கடைசியில் அரசன் தேடிக் கண்டுபிடிக்கிறான், குடும்பம் சேர்கிறது, அடுத்த பேரரசன் அதிரியான் சிலைக்குப் பலியிடச் சொல்ல, மறுத்துக் குடும்பத்தோடு வெண்கல எருதுக்குள் வெந்து சாகிறார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘பொன் வரலாறு’ என்ற புனிதர் கதைத் திரட்டு இந்தக் கதையை ஐரோப்பா முழுக்கப் பரப்பியது. இசும்பிராஸ் பிறந்தது இந்த மரபில்தான். வரலாற்று ஆதாரம் போதாதென்று 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை எஸ்தாக்கியாரைத் தன் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. கூத்துக் கொட்டகை அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

மாதகல் போகும் வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. வாங்கில் இருந்த முதியவரிடம் கூத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்கக் காத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். இளவயதில் ஆடியவராம். ஒரு பாத்திரத்தை ஒருவரே விடியும்வரை ஆடித் தாங்க முடியாது என்பதால், நாயகனை இரண்டு மூன்று பேருக்குப் பகிர்ந்து கொடுப்பது யாழ்ப்பாணத்துக் கூத்து வழக்கம். முதலாம் எஸ்தாக்கியார் முன்னிரவுக்கு. இரண்டாம் எஸ்தாக்கியார் சாமத்துக்குப் பிறகு.

“முதலாம் ஆளை எடுக்கிறது சுகம் தம்பி. உயரமும் உடம்பும் இருந்தால் காணும். முடியும் உடுப்பும் வாளும் மிச்சத்தைப் பாத்துக்கொள்ளும். இரண்டாம் எஸ்தாக்கியாருக்குத்தான் தொண்டை வேணும்.”

“நீங்கள் எது ஆடினீங்கள், ஐயா?”

“முதலாமவர்தான்.” சிரித்தார். “கேட்டனான். அண்ணாவியார் தரேல்லை.”

கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஏன் தரவில்லை என்பதையும் அவரே விளக்கினார். முன்னிரவில் சனம் கச்சான் கொறிக்கும், பாய் விரிக்கும், பிள்ளைகளைப் பேசும். தளபதி வரவுப்பாட்டோடு துள்ளி வந்தால் ஆரவாரம் செய்யும்; பாட்டைக் கவனிக்காது. ஆற்றங்கரைக் கட்டம் வருவது மூன்று மணிபோல. அந்நேரம் மத்தளக்காரரும் அடியைத் தாழ்த்திவிடுவார். முடியில்லை, உடுப்பில்லை, பக்கத்தில் ஆளில்லை. பாட்டு ஒன்றுதான் துணை. நித்திரையில் கிடந்த கிழவிகள் எழும்பி இருப்பார்களாம். எவ்வளவு நல்ல முதலாமவர் என்றாலும் அடுத்த நாள் ஊர் கதைப்பது இரண்டாமவரைப் பற்றித்தான். “சந்தைக்குப் போனாலும் அந்தாளைத்தான் எஸ்தாக்கியார் எண்டு கூப்பிடுவினம். என்னை ஆரும் கூப்பிடேல்லை.”

அறவீரன் யார் என்பதை யாழ்ப்பாணத்தவர் தத்துவமாக எழுதிவைத்தார்களா என்று தெரியாமல் வந்தவன் நான். அண்ணாவிமார் பாத்திரம் பங்கிட்ட முறையில் அது இருந்தது. ஊரின் சிறந்த குரலை அவர்கள் எல்லாம் இழந்த மனிதனுக்கே ஒதுக்கினார்கள்.

கொச்சிக் கரையோரத்து லத்தீன் கத்தோலிக்கரோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். அங்கே சவிட்டு நாடகம் என்ற வடிவம் இருக்கிறது. தமிழகத்திலிருந்து போன சின்னத்தம்பி அண்ணாவி என்பவரை அதன் முன்னோடியாகச் சொல்வார்கள்; பழைய பாட்டுகளில் தமிழ் கலந்து கிடக்கிறது. அந்த மேடையின் பெருநாயகன் சார்லமேன் பேரரசன். ‘காரல்மான் சரித’த்தில் அவனும் ரோலாந்து முதலான பன்னிரு வீரர்களும் பளபளக்கும் கவசத்தோடு மரப்பலகையை உதைத்து உதைத்து ஆடுவார்கள். பலகை அதிர்வதே அந்த நாடகத்தின் உயிர். ஈழத்திலும் அரசர் கதைகள் ஆடப்பட்டன. மாதோட்டத்து ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடக’த்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் பதிப்பித்தார். ‘எம்பரதோர்’ என்ற சொல்லே பறங்கி வாசனையோடு நிற்கிறது. என்றாலும் வலிகாமத்தில் நான் கேட்டவரை, நினைவில் நிற்பவை போரில் வென்ற கட்டங்கள் அல்ல, பிரிவும் சேர்க்கையும்.

மாதகல் கடலோரத்தில் எஸ்தாக்கியார் கதைக்கு இன்னொரு மடிப்பு உண்டு. அசோகன் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கிய ஜம்புகோளத் துறை இந்தக் கரையே என்பது வழக்கு. பௌத்தக் கதைகள் கடலேறியும் இறங்கியும் திரிந்த துறை. மோசஸ் காஸ்டர் என்ற ஆய்வாளர் 1894இல் ஒரு கட்டுரை எழுதி, எஸ்தாக்கியார் கதையின் வேர் நிக்ரோதமிக ஜாதகத்தில் இருக்கிறதென்று வாதிட்டார். போதிசத்துவர் மானாகப் பிறந்து, வேட்டைக்கு வந்த அரசனின் மனதைத் திருப்பிய கதை அது. ஆற்றைக் கடக்கும்போது இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த படாசாரையின் கதையும் பௌத்த மரபில் இருக்கிறது. காஸ்டரின் முடிவை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அது சரியாக இருந்தால், பறங்கியர் கொண்டுவந்தது ஊருக்குப் பழக்கமான கதையையே.

பழக்கம் என்றதும் அரிச்சந்திரன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. மாதகலிலிருந்து கரையோரமாகக் கிழக்கே போனால் காங்கேசன்துறை. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ஊர். அவருடைய வசந்தகான சபா அரிச்சந்திர மயானகாண்டத்தை ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றியது. சுடலை காக்கும் அரசனாக அவர் பாடிய பாட்டுக்காகச் சனம் மாட்டுவண்டி கட்டி வந்தது. நாட்டைக் கொடுத்து, மனைவியை விற்று, மகனுடைய பிணத்துக்கே வாய்க்கரிசியும் கூலியும் கேட்டு நிற்கும் அரிச்சந்திரனுக்கும், வயற்காவலில் நிற்கும் எஸ்தாக்கியாருக்கும் இடையில் ஒரு வேலி மட்டுமே. வேலிக்கு இந்தப் பக்கம் சைவ ஊர், அந்தப் பக்கம் வேத ஊர். இரண்டு பக்கத்தாரும் இரவு மூன்று மணிக்கு ஒரே காரணத்துக்காக அழுதார்கள்.

இந்த வரிசையில் தேவசகாயம்பிள்ளையும் சேர்வார். அவருடைய கதையும் யாழ்ப்பாணத்தில் கூத்தாகியிருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் ஒல்லாந்தப் படையின் டி லனோய் திருவிதாங்கூரிடம் சிறைப்பட்டுப் பிறகு அந்நாட்டு மன்னர் மார்த்தாண்டவர்மரின் தளபதியானார். அரண்மனை அதிகாரி நீலகண்டபிள்ளை அடுத்தடுத்த இழப்புகளால் நொந்திருந்தபோது, எல்லாம் இழந்தும் இறைவனைப் பழிக்காத யோபுவின் கதையைச் சொல்லித் தேற்றியவர் அவர்தான். நீலகண்டபிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயமானார். பதவியிழந்து, எருமைமேல் ஏற்றி ஊர்வலம் விடப்பட்டு, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் புனிதரானார். டி லனோயின் முதற்பெயர் யூஸ்டாக்கியுஸ்: எஸ்தாக்கியாரின் பெயரேதான். தன் பெயருக்குரிய புனிதரின் வாழ்க்கையை ஒத்த ஒரு கதையைச் சொல்லி, அதேபோன்ற இன்னொரு வாழ்க்கையை அந்தத் தளபதி தொடக்கி வைத்திருக்கிறார்.

கடைசியாகக் கிளாலிக்குப் போனேன். சண்டிலிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து கண்டி வீதியில் நாவற்குழிப் பாலம், சாவகச்சேரி, கொடிகாமம், முகமாலை, பிறகு ஓட்டோ. உள்நாட்டுப் போரின்போது, 1995 ஒக்டோபர் 30 அன்று மாலை தொடங்கி வலிகாமம் முழுவதும் இந்த வழியால்தான் எழும்பிப் போனது. சண்டிலிப்பாய், சங்கானை, சில்லாலை என்று ஊர் பிரிக்க முடியாதபடி இலட்சக்கணக்கான சனம் மழையில், இருட்டில், சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரடி ஓரடியாகத் தென்மராட்சி நோக்கி நகர்ந்தது. நெரிசலில் கை நழுவிய பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சத்தத்தை அந்த இரவில் நடந்த எவரும் மறக்கவில்லை. பஸ் இப்போது நாவற்குழிப் பாலத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது.

கிளாலியில் இருப்பது சந்தியோகுமையோர் கோயில். வாளும் வெள்ளைக்குதிரையும் கொண்டு வந்த அதே புனிதர். யூலை 25 அவருடைய திருநாள். ஆனையிறவும் பூநகரியும் அடைபட்டிருந்த 1990களின் முற்பகுதியில் குடாநாட்டிலிருந்து வெளியே போக இந்தக் கடனீரேரிதான் வழி. சனம் கரையில் இருட்டும்வரை காத்திருந்து படகேறும். கடற்படை சுடும். 1993 ஜனவரி 2 இரவு அப்படிப் போன பயணிகள் பலர் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணம் குருநகரில் இருந்த இதே புனிதரின் தேவாலயத்தின்மேல் விமானக் குண்டு விழுந்து ஆட்கள் இறந்தார்கள். கிளவிகோவில் வானத்திலிருந்து இறங்கி வென்றதாகச் சொல்லப்பட்டவரின் கோயிலுக்கு வானத்திலிருந்து வந்தது அது. பின்னர் கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று நீண்ட போர்முனைக்குள் இந்தக் கரை பல ஆண்டுகள் அகப்பட்டது. முகமாலையில் கண்ணிவெடி கிண்டும் வேலை போர் முடிந்தும் வெகுகாலம் நடந்தது.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். படகேற முன் இங்கே கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் பிறகு திரும்பி வந்து நேர்த்தி செலுத்துவார்களா என்று கேட்டேன். “வருவினம் அண்ணை. கனடாவிலை இருந்தும் வருவினம். சைவச் சனமும் வாறது.” புனிதர் அந்த நாட்களில் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள் என்றேன். அவர் யோசிக்கவில்லை. “அக்கரை சேர்த்தவர்.”

எதிரியை வென்றவர் என்று அவர் சொல்லவில்லை. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் இருந்ததில், வெள்ளைக்குதிரை வீரரின் வேலையே மாறிப்போயிருக்கிறது. வீரக்கதைகளுக்கு எப்போதும் இரண்டு பாதி உண்டு. முடிசூட்டிய பாதியை நாட்டை ஆளுபவர்கள் தங்களுடையதாக்கிக் கொடியில் வரைவார்கள். ஸ்பெயினில் அதுதான் நடந்தது, கொச்சி மேடையிலும் கொஞ்சம் நடந்தது. மற்றப் பாதி ஆளப்பட்டவர்களிடம் வந்து சேரும். வலிகாமத்தவர் தமக்கு வந்த பாதியைக் குறைந்த பங்கு என்று எண்ணவில்லை. அதற்குத்தான் நல்ல பாட்டைக் கட்டினார்கள், நல்ல தொண்டையையும் கொடுத்தார்கள்.

கூத்து இப்போது முழு இரவு நடப்பது அரிது. 1965இல் நீ. மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போன்ற அமைப்புகள் பழைய நாடகங்களைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கி மேடையேற்றி உயிரோடு வைத்திருக்கின்றன. சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படுவது நீண்ட ஒப்பாரிப் பாட்டுகள்தான். பார்ப்பவருக்குப் பொறுமையில்லை என்கிறார்கள். வெட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தளபதியின் வரவை எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள். ஆற்றங்கரையில் கை வைக்காதீர்கள்.